இடைக்கால நாற்காலி

காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளரானார். சில மாதங்களுக்குள் சென்னையின் எஃப்சியும் கிளிஃபோர்டு மிராண்டாவை அமர்த்தியது. உள்ளூர்ப் பயிற்சியாளர்களுக்கு விடிந்துவிட்டது என்று அதற்குள் ஆரவாரம். விடிந்த வேளையையும் பார்க்க வேண்டும்: ஐஎஸ்எல் நடக்குமா என்றே தெரியாமல் கிளப்புகள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. வெளிநாட்டவர் வந்ததெல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. மாட்டெராஸி 2015இலும் ஜான் கிரிகரி 2017-18இலும் சென்னையினுக்கு ஐஎஸ்எல் கோப்பை வாங்கித் தந்தார்கள். ஓவன் கோய்ல் 2019 டிசம்பரில் அடிமட்டத்தில் கிடந்த அணியை எடுத்து இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். அந்தப் பெருமை அவர்களுக்கே.

ஆனால் சையத் சாபிர் பாஷாவின் கதையை யாரும் பேசுவதில்லை. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய ஸ்ட்ரைக்கர் அவர். சென்னையினின் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களான கோய்ல், போஜிதார் பாண்டோவிச், தாமஸ் பிர்தாரிச் மூவரும் கோலடிக்கும் வேலையிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களே. அவர்களுக்கு அணி கிடைத்தது, இவருக்கு ‘உதவிப் பயிற்சியாளர்’ பதவி கிடைத்தது. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று உதை வாங்கி, பாண்டோவிச் வெளியேற்றப்பட்ட பிறகுதான் பாஷாவிடம் பொறுப்பு வந்தது. அதுவும் இடைக்காலம். வீரர்கள் வேறொருவர் பொறுக்கியவர்கள், ஆட்டமுறை வேறொருவர் பழக்கியது, மிச்சமிருந்ததோ சில ஆட்டங்கள். சொந்த ஊர்க் கூட்டமும் கிடையாது, கொரோனாவால் அந்தப் பருவம் முழுக்கக் கோவாவிலேயே நடந்தது. இப்படியொரு தேர்வில் ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள், தோற்றால் ‘பார்த்தீர்களா’ என்பார்கள். பருவம் முடிந்தது, பிர்தாரிச் வந்தார். காலித்தும் இந்த வாசல் வழியாக வந்தவர்தான். 2021இல் ஜெரார்டு நுஸ் நீக்கப்பட்டதும் நார்த் ஈஸ்ட் அணியை ஏற்று, லீக் சுற்றில் தோல்வியே காணாமல் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்த அளவுக்குச் சாதித்தால்தான் நாற்காலி நிலைக்கும் என்பது எந்த ஊர் நியாயம்?

அனுபவம் வேண்டாமா என்பார்கள். 2014இல் இங்கே வந்தபோது மாட்டெராஸி எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆடிக்கொண்டே கற்றுக்கொண்டார், நம் செலவில். மும்பை 2015இல் அனெல்காவையே ஆடவும் பயிற்சி தரவும் விட்டு, எட்டு அணிகளில் ஆறாவதாக வந்தது. தேடியது அனுபவத்தை அல்ல, போஸ்டருக்கு ஒரு முகத்தை. சரி, முடிவுகளையாவது பார்க்கலாம் என்றால், சென்னையினுக்கு சாபா லாஸ்லோவின் 2020-21 பருவத்தில் எட்டாமிடம், பாண்டோவிச் தொடங்கிய 2021-22இல் எட்டாமிடம், பிர்தாரிச்சின் 2022-23இலும் எட்டாமிடம். எட்டாமிடத்துக்கு ஐரோப்பாவிலிருந்தா ஆள் வர வேண்டும்? அதை இங்கிருப்பவர்களே பாதிச் செலவில் வாங்கித் தந்திருப்பார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்சார ரயிலேறி நேரு ஸ்டேடியத்துக்கு வரும் பையன், ஆடி ஓய்ந்தபின் தானும் ஓர் அணியை நடத்தலாம் என்று நம்ப கிளப் அவனுக்குக் காட்டியது என்ன? மிராண்டாவைக் காட்டுகிறார்கள். அவர் 2023 ஏப்ரலில் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பையை வென்று தந்தவர், அதுவும் இடைக்காலப் பயிற்சியாளராக. கோப்பை வந்த அடுத்த மாதமே ஒடிசா செர்ஜியோ லொபேராவை அழைத்துக்கொண்டது. மிராண்டா மோகன் பகானுக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார்.