கழுத்து மாற்று சிகிச்சை

எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம் என்பது, பிள்ளைகளைக் கிட்டார் வகுப்புக்கு அனுப்பும் பல பெற்றோருக்குத் தெரியாது. 1950ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்து நாலே நாலு திருகாணியில் நின்றது. கெட்டுப்போச்சா, கழற்று, வேறு மாட்டு. ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அந்த ரிப்பேர் புத்திதான் இன்றைக்கும் உபயோகமாக இருக்கிறது. கிப்ஸன் ரகக் கிட்டார்களில் பெரும்பாலும் கழுத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதில் நாம் கைவைக்க வேண்டாம்.

வகுப்பில் ஆறு மாசம் கழித்துப் பையன் 'கை வலிக்குது' என்பான். 'போகப் போகப் பழகிடும்' என்பார் வாத்தியார். விரல் நுனி காய்த்துப்போவது பழகும், உண்மைதான். ஆனால் கட்டைவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் வலித்தால், கழுத்து அந்தக் கைக்குப் பெரிசு என்று அர்த்தமாக இருக்கலாம். இதைச் சொல்ல ஆளில்லாமல் 'எனக்கு சங்கீதம் வராது' என்று முடிவுகட்டி, கிட்டாரைப் பரண்மேல் போடுகிறவர்கள் எத்தனை பேர்!

மாணவனுக்காகச் சங்கீதமா, சங்கீதத்துக்காக மாணவனா? இதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பழைய பதில் இருக்கிறது. குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில், ஏழு ராகங்களுக்கான சுரக் கோவைகளை நான்கு நான்காகப் பிரித்துப் பல்லவ கிரந்தத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. மகேந்திரவர்மன் பெயரை எல்லோரும் சொல்வார்கள். கல்வெட்டில் ராஜாவின் பெயர் கிடையாது. ருத்ராசாரியாரின் சீடனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்றுதான் இருக்கிறது. மாணவர்களின் நன்மைக்காக! என் விமரிசனத்துக்கு இந்த அளவுகோல் போதும்.

அந்தக் கால வீணை பெரும்பாலும் வில் மாதிரி வளைந்த யாழ் ரகம் என்கிறார்கள். அழுத்தி வாசிக்கக் கழுத்தே இல்லை. ஒரு தந்திக்கு ஒரு சுரம். பின்னால் வந்த வீணையில் தண்டியும் மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் சேர்ந்து, ஒரே தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்க வசதி வந்தது. கூடவே கைவலியும் வந்தது.

எழுபதுகளில் 'சக்தி' குழுவின் ஜான் மெக்லாலின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டார் செய்துகொண்டார். விரல் மரத்தில் உரசாது, தந்தியை வீணை போல இழுக்கலாம். நம் யு. ஸ்ரீநிவாஸ், ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி உள்ள மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் கச்சேரி செய்தார். மேதைகளே வாத்தியத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆரம்பப் பையனை மட்டும் ஏன் 'அட்ஜஸ்ட்' பண்ணச் சொல்கிறோம்?

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் பிராண்டையும் மரத்தையும் மறந்துவிடுங்கள். எந்தக் கிட்டாரை அரை மணி வாசித்தும் கை சலிக்கவில்லையோ, அதன் கழுத்தை முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் அளந்துகொள்ளுங்கள், அகலம், தடிமன் இரண்டும். வெர்னியர் காலிப்பர் வேண்டும். இங்கே ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். தந்திகள் கிளம்பும் 'நட்' அகலம் பல எலெக்ட்ரிக் கிட்டார்களில் 42, 43 மில்லிமீட்டர். முதுகு வடிவத்துக்கு சி, டி, யு, வி என்று எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் கழுத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும் பழக்கமா, பின்னாலேயே நிற்குமா என்று பார்த்து முடிவு பண்ணுங்கள். விரல் பலகையின் வளைவு ஏழேகால் அங்குல ஆரமானால் கார்டு பிடிக்க சுகம். கமகம் இழுக்க பன்னிரண்டு மாதிரி தட்டையானது உத்தமம். வியர்க்கிற நம் ஊரில் பளபளா வார்னிஷ் கையைப் பிடித்து நிறுத்தும். மங்கலான பூச்சு வழுக்கிக்கொண்டு போகும்.

சுகம் மட்டும் பார்த்தால் சுருதி போய்விடும், ஜாக்கிரதை. கழுத்து உங்கள் கிட்டாரின் ஸ்கேலுக்கு (ஃபெண்டர் ரகத்துக்கு இருபத்தைந்தரை அங்குலம்) கணக்கிட்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃப்ரெட்டுகள் பொய் சொல்லும். அடிப்பாகம் உடம்பில் உள்ள பள்ளத்தில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். மாட்டியபின் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடை அனுபவசாலியிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

புதுக் கழுத்து யாரையும் மெக்லாலின் ஆக்காது. ஆனால் வலியையும் திறமைக் குறைவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க உதவும். அதன் பிறகும் வாசிப்பு வரவில்லை என்றால், தாராளமாக சாதகத்தைக் குறை சொல்லலாம்.