கடல் இல்லாத ஊரில் தூண்டில் கடை

"ஒரு பெட்டி முள்ளு வாங்கிப் பாத்திட்டுத்தான் மிச்சம் வாங்குவியளோ? உங்கட ஊரில கடல் இல்லை, அதுதான்." ஓசூருக்கு வந்த யாழ்ப்பாணத்து நண்பர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடல் இல்லைதான். கெலவரப்பள்ளி அணை இருக்கிறது, கிருஷ்ணகிரி அணை இருக்கிறது, பாரூர் ஏரி இருக்கிறது. ஜிலேபிக் கெண்டைக்கான சின்ன முள்ளில் பெரிய கட்லா நிற்காது. கட்லா முள் ஜிலேபியின் வாய்க்குள் போகாது. போதாததற்கு முள்ளின் நம்பரே தலைகீழ். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். 1/0, 2/0 என்று போனால் பெருக்கும். கம்பெனி மாறினால் அதே நம்பரில் அளவும் மாறும். இதை மூட்டையாக இறக்கிவிட்டு அப்புறமா அளந்து பார்ப்பது?

எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிக் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறைகூட முதலில் சாம்பிள் கொடுக்கும். அது பாஸானால்தான் லாட் ஓடும். அந்தப் புத்தி என் கடைக்கும் வந்துவிட்டது. நூறு முள் பெட்டி ஒன்று, தூண்டில் நரம்பு இரண்டு சுருள். முள்ளை இடுக்கியில் பிடித்து இழுத்தால் நிமிர்கிறதா, முறிகிறதா என்று பார்ப்பேன். நரம்பை நனைத்து முடிச்சுப் போட்டு இழுப்பேன். தேறிய பெட்டியில் பத்து முள்ளை எடுத்து வைத்துக்கொண்டுதான் மொத்த ஆர்டர். சாம்பிளுக்கு நல்லதும் மூட்டைக்கு மட்டமும் அனுப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அன்றைக்கு அந்தப் பத்து முள்தான் சாட்சி.

சரக்கு வருகிற பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். ஜூஜூவாடி வரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்த காலம் 2017-இல் ஜிஎஸ்டி வந்ததோடு போயிற்று. 50,000 ரூபாய்க்குள் இருக்கும் பார்சலுக்குப் பொதுவாக இ-வே பில்லும் வேண்டாம். தீர்ந்தால் நாளைக்கே வரவழைக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு என்று நண்பர் சொல்லக் கேட்டதுதான். நாம் நரம்பு என்பதை அவர்கள் தங்கூசி என்கிறார்கள், அழகான பேர். குருநகரில் வலைத் தொழிற்சாலையே உண்டு. வெளிநாட்டு முள் மட்டும் கொழும்பில் இறங்கி வடக்கே போக வேண்டும். ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான முள் கட்டுகிறவர்களுக்குப் பெட்டிக் கணக்கு எப்படிப் போதும்? சோளகக் காற்று மாறுவதற்குள் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, மொத்தமாக வாங்கியாக வேண்டும். 2022-இல் டாலர் 200 இலங்கை ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில மாதங்களில் 350-ஐத் தாண்டியபோது, முன்பே வாங்கி அடுக்கியவர் பிழைத்திருப்பார். சரி. ஆனால் அது டாலர் கொடுத்த லாபம். உப்புக்காற்றில் திறந்து வைத்த பெட்டி எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

ஈயக்குண்டில் மட்டும் அவரோடு எனக்கு வழக்கில்லை. இரும்பைப்போலத் துருவேறாது, நம்பர் குழப்பம் கிடையாது, எடைதான் கணக்கு. அதை நானும் கிலோக் கணக்கில் மொத்தமாகத்தான் வாங்குகிறேன்.