அவனும் அவரும்: திருமறைத் தமிழில் மரியாதை விகுதி

முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்கென அண்டிரிக் அடிகளார் தமிழில் தந்த "தம்பிரான் வணக்கம்" 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. கடவுளைக் குறிக்க அன்று ஏற்புடையதாயிருந்த "தம்பிரான்" என்னும் சொல் இன்று சைவ மடத்துத் துறவியரையே நினைவூட்டும். சீர்திருத்தச் சபையாரிடையேயும் பப்ரிசியுசின் "பராபரன்", 1871ஆம் ஆண்டுத் திருப்புதலில் "தேவன்" ஆகி, 1956ஆம் ஆண்டுத் திருப்புதலில் "கடவுள்" ஆயிற்று.

ஆயினும், பெயர்ச்சொல்லில் நேர்ந்த மாற்றத்தைவிட வினைமுற்றின் விகுதியில் நேர்ந்ததே ஆழமானது. 1871ஆம் ஆண்டுத் திருப்புதலில் இயேசு "சொன்னார்"; பேதுருவோ "சொன்னான்". நலம்பெற வந்தவன் "குஷ்டரோகி ஒருவன்". 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் பேதுருவும் "ஆர்" விகுதி பெறுகிறார். குஷ்டரோகி "தொழுநோயாளர்" ஆகிறார். சமாரியப் பெண்ணும் "வந்தார்".

முதியோர் இதனை ஏற்கத் தயங்குவது வெறும் பழமைப்பற்று அன்று. பழைய திருப்புதலில் தாவீது அரசனும் தேவதூதனுங்கூட "ஆன்" விகுதியே பெற்றனர். எனவே அங்கு இகழ்ச்சி நோக்கமில்லை. "ஆர்" கடவுளுக்கும் கிறிஸ்துவுக்கும் உரியதாய் நின்று, விகுதியே ஓர் அறிக்கையாக விளங்கிற்று. புதிய மொழிபெயர்ப்பில் அவ்வேறுபாடு மறைந்தது உண்மையான இழப்பே.

எனினும், சொல்லின் பொருளை ஆக்கியோனின் நோக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்போரின் வாழ்வும் தீர்மானிக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், கரையோர ஊர்களில் வலை இழுத்தவரும், நரைத்த பின்னும் தம்மினும் இளையோரால் "அவன்" என்றே சுட்டப்பட்டு வந்தனர். பேதுருவும் மீனவரே. அவரைச் சுட்டும் "அவன்" மீனவர் மகளின் செவியில் இலக்கண மரபாக அன்று, கரையில் தன் தந்தை கேட்ட குரலாகவே ஒலிக்கும். தீண்டத்தகாதவராய் ஒதுக்கப்பட்டோரைத் தொட்டு, அவர்களோடு பந்தியிருந்தவர் நம் ஆண்டவர். தமக்குரிய விகுதியை அவர்களும் பெறுவதால் அவருடைய மகிமை குறைவதில்லை. அவருடைய செயலின் பொருளே அதில் வெளிப்படுகிறது.

பழைய திருப்புதலை மனப்பாடமாகக் கொண்ட முதியோரின் நாவிலிருந்து அதைப் பறித்தல் அருட்பணி ஆகாது. நம் சபைகள் பலவற்றின் ஆராதனையில் இன்றும் வாசிக்கப்படுவது அதுவே. ஆனால், வாசிப்பு முடிந்தபின் எழும் அருளுரை நம் சொந்தச் சொல். அங்கே பேதுருவை "அவர்" என்றும், "குருடன்" என வாசிக்கப்பட்ட பர்திமேயுவைப் "பார்வையற்றவர்" என்றும் கூற எந்தத் திருப்புதலும் நமக்குத் தடையன்று.