புதுப் புனைகதையும் அதனைத் தேடும் வாசகரும்

கதை கேட்டல் மக்கட்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்று. மழலைப் பருவத்திலே பாட்டியின் மடியிலிருந்து கதை கேட்கத் தொடங்கும் குழந்தை, எழுத்தறிந்தபின் அவ்விருப்பத்தை நூல்களிடத்தே மாற்றிக்கொள்கின்றது. அங்ஙனம் மாற்றிக்கொண்ட விருப்பம் வாழ்நாள் முழுதும் நிலைத்து நிற்குமாயின் அம்மனிதனை வாசகன் என்கின்றோம். இடையிலே அற்றுப்போகுமாயின் அவன் எழுத்தறிந்தவன் என்ற அளவிலே நின்றுவிடுகின்றான். விருப்பம் அற்றுப்போதற்குக் காரணம் யாது? நல்ல நூல்கள் இல்லாமையா, அன்றி உள்ள நூல்கள் வாசகனைச் சென்றடையாமையா? ஈழத்துத் தமிழ்ப் புனைகதையைப் பொறுத்தமட்டில் பின்னதே பெரிதும் காரணம் என்பதும், அக்குறையை நீக்கும் பொறுப்பில் திறனாய்வாளர்க்குப் பெரும்பங்கு உண்டென்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

புனைகதை ஒரே வகையினதன்று. வீரச்செயல் கூறுவது, வரலாறு தழுவியது, துப்பறிவது, நகை விளைப்பது, அறிவியற் கற்பனை கொண்டது, சமூக வாழ்வை உள்ளவாறு காட்டுவது எனப் பல கிளைகளையுடையது. இப்பாகுபாடு மேனாட்டாரிடமிருந்து நாம் கடன் பெற்றதெனச் சிலர் எண்ணுவர். ஆயின், உலகில் நிகழாதவற்றைப் புனைந்து கூறுவதையும் நகை விளைத்துப் பொருளுணர்த்துவதையும் உரையின் வகைகளாகத் தொல்காப்பியர் செய்யுளியலிலே வைத்தெண்ணினார். எண்ணியவர் ஒன்றனை உயர்வென்றும் மற்றொன்றனைத் தாழ்வென்றும் கூறினாரல்லர். வகை என்பது தரமன்று. ஒவ்வொரு வகையுள்ளும் தரமுண்டு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது.

ஈழத்து நாவலின் பிறப்பை நோக்குவோமாயின் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை அடுத்துத் தோன்றிய தொடக்ககாலத் தமிழ் நாவல்களுள் ஒன்று, கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட அசன்பே சரித்திரமாகும். குழந்தைப் பருவத்திலே கடத்தப்பட்ட ஒருவன் நாடுகள் பல கடந்து தன் பிறப்பை அறிந்து மீளும் வீரதீரக் கதை அது. 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, ஐரோப்பிய அற்புதக் கதையொன்றைத் தழுவியது. 1895 இல் அதே திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை எழுதிய மோகனாங்கி, நாயக்கர் காலத்தைப் பொருளாகக் கொண்ட வரலாற்று நாவல். பின்னர் அது சுருக்கப்பட்டுச் சொக்கநாத நாயக்கர் என்னும் பெயரில் மாணவர்க்கும் வழங்கலாயிற்று. வீரம், அற்புதம், வரலாறு என்னும் மூன்று வாயில்கள் வழியாகவே நாவல் இந்நாட்டினுள் நுழைந்தது என்க. முதியோர்க்கென எழுதப்பட்டதொன்று இளையோர் கைக்கும் சென்றது என்பதையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறிற்று. 1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. பேராசிரியர் கைலாசபதி, பேராசிரியர் சிவத்தம்பி ஆகியோரின் திறனாய்வு செல்வாக்குப் பெற்றது. கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் 1968 இல் வெளிவந்தது. சமூக யதார்த்தமே நாவலின் உயிர்நிலை என்ற கொள்கை வேரூன்றிற்று. இக்கொள்கையால் விளைந்த நன்மை சிறிதன்று. அதுகாறும் இலக்கியத்தின் புறத்தே நிறுத்தப்பட்டிருந்த மக்கள் அதன் நடுவே வந்தமர்ந்தனர். 1972 இல் வெளிவந்த டானியலின் பஞ்சமர் போன்ற நாவல்கள் அந்நெறியின் பயன்களாகும். தென்னிந்தியச் சஞ்சிகைகளின் நிழலிலே ஒடுங்கிக் கிடந்த ஈழத்து எழுத்துத் தன் மண்ணையும் தன் பேச்சையும் கண்டுகொண்டதும் இக்காலத்திலேயே.

எனினும் நன்மையோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. யதார்த்தம் ஒரு வகை என்ற நிலை மாறி, அதுவே அளவுகோல் என்ற நிலை வந்தது. அவ்வளவுகோலுக்கு அமையாத நகைச்சுவைக் கதையும் வரலாற்றுக் கதையும் மர்மக் கதையும் பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்டன. ஒதுக்கப்பட்டவற்றுள் நல்லனவும் இருந்தன, தீயனவும் இருந்தன. அவற்றைப் பிரித்துக்காட்டுவார் இலராயினர். வாசகர் அவ்வகைகளைப் படிப்பதை நிறுத்தினாரல்லர். வழிகாட்டுவாரின்றிப் படித்தனர் என்பதே உண்மை.

இனி, நூல்கள் வாசகரைத் தேடிச் சென்ற வழிகளை நோக்குவோம். 1930 இல் தொடங்கி 1958 வரை நடைபெற்ற ஈழகேசரி, மாணவர்க்கும் இளைஞர்க்கும் தன் பக்கங்களிலே இடமளித்து, வாசகரையும் எழுத்தாளரையும் ஒருங்கே வளர்த்தது. 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, அவ்வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவற்றுள் முதன்மையானது வீரகேசரி நிறுவனத்தின் நூற்பிரசுரம். அதன் வெற்றிக்குக் காரணம் நூல்களின் சிறப்பு மட்டுமன்று. பத்திரிகை செல்லும் ஊர்களுக்கெல்லாம் நாவலும் சென்றது. விலையும் எளியோர்க்கு எட்டுவதாயிருந்தது. புத்தகசாலையைக் கண்டறியாத ஊரிலும் பத்திரிகை விற்கும் கடை உண்டன்றோ? மற்றொரு வழி மல்லிகை காட்டியது. 1966 இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய அச்சஞ்சிகை, பிற்காலத்திலே கொழும்புக்குப் பெயர்ந்து, கொட்டாஞ்சேனையை அடுத்த ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012 வரை வெளிவந்தது. ஆசிரியரே தம் சஞ்சிகையைக் கையிற் கொண்டு சென்று விற்றார். வாங்குவோனோடு உரையாடி, அவன் விருப்பமறிந்து, அடுத்து எதனைப் படிக்கலாம் என்று கூறத்தக்க ஒருவர் தெருவிலே நடந்து சென்ற காலம் அது.

வீரகேசரிப் பிரசுரங்களுள் 1973 இல் வெளிவந்த இரண்டினை எடுத்துக்கொண்டு, வகையும் வயதும் எங்ஙனம் தொடர்புறுகின்றன என ஆராய்தல் பொருந்தும். ஒன்று செங்கை ஆழியானின் வாடைக்காற்று. மற்றது பாலமனோகரனின் நிலக்கிளி. முன்னது நெடுந்தீவைக் களமாகக் கொண்டது. வாடைக்காற்று வீசும் பருவத்திலே அத்தீவுக்குத் தொழிலுக்கென வரும் மீனவரும் தீவின் மக்களும் கலந்துறவாடுதலால் விளையும் காதலும் பகையும் அதன் பொருள். 1978 இல் அது திரைப்படமாகவும் வந்தது. பதினைந்து வயது மாணவன் அதனைப் படிப்பானாயின், கடலையும் தோணியையும் ஆபத்தையும் காண்பான். நாற்பது வயதினன் படிப்பானாயின், பிழைப்புத் தேடி வந்தோர்க்கும் இருந்தோர்க்கும் இடையே தோன்றும் உரிமைப் போராட்டத்தைக் காண்பான். கதைமாந்தர் சிலர் நம் நினைவிலிருந்து மறைந்தபின்னும் அந்நிலமும் அக்காற்றும் மறைவதில்லை. அதுவே அந்நாவலின் சிறப்பு. அதன் வரம்பும் அதுவே எனலாம்.

நிலக்கிளி வன்னிக் காட்டின் ஓரத்தே தண்ணிமுறிப்பில் நிகழ்வது. காட்டோடு காடாய் வளர்ந்த பதஞ்சலி என்னும் பெண், அவளை மணந்த கதிராமன், அவ்வூருக்கு வந்த ஆசிரியர் ஆகியோரைச் சுற்றிக் கதை இயங்குகின்றது. இளைய வாசகனை அக்காட்டு வாழ்வே ஈர்க்கும். முதிர்ந்த வாசகனோ, கள்ளமறியாமை என்பது காவலா, ஆபத்தா என்ற வினாவோடு நூலை மூடுவான். இவ்விரு நாவல்களும் சிறுவர் இலக்கியம் என்று எழுதப்பட்டனவல்ல. ஆயினும் சிறுவர் கதைகளைக் கடந்து வரும் மாணவன் கால்வைத்தற்கேற்ற படிகள் அவை. ஒரே நூல் இரு வயதினர்க்கும் இருவேறு நூல்களாய் நிற்றல் புனைகதையின் பெருமைகளுள் ஒன்று.

செங்கை ஆழியான் ஒருவரே பல வகைகளையும் கையாண்டார் என்பது ஈண்டு நினையத்தக்கது. ஆச்சி பயணம் போகிறாள் நகைச்சுவை நாவல். நந்திக்கடல் வரலாற்று நாவல். காட்டாறு சமூகத்தின் சுரண்டலை எடுத்துக்காட்டுவது. 2016 இல் மறைந்த இவ்வாசிரியரின் இயற்பெயர் க. குணராசா. புவியியற் பாடநூல்களின் வாயிலாக அப்பெயரை அறிந்த மாணவர் பலர். அப்பாடநூலாசிரியரும் இந்நாவலாசிரியரும் ஒருவரே என்று அறிந்தோர் அவருள் மிகச் சிலரே. பரீட்சைக்கு உதவும் நூல் கைக்கு வந்தது. அதே கை எழுதிய கதை வரவில்லை. நமது குறை எங்கே உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கொழும்பில் ஆசிரியத் தொழில் புரிவோர் நாள்தோறும் காணும் காட்சியொன்றுண்டு. ஆறாம் ஏழாம் தரத்து மாணவர் கதைப்புத்தகங்களை ஆர்வத்தோடு இரவல் பெறுகின்றனர். ஒன்பதாம் பத்தாம் தரங்களில் அவ்வார்வம் தேய்கின்றது. தனியார் வகுப்புகளையும் க.பொ.த. பரீட்சையையும் மட்டும் காரணங்காட்டுதல் முழுமையான விடையாகாது. ஆங்கிலம் கைவந்த மாணவன் அதே பரீட்சையையே எழுதுகின்றான். எனினும் அவன் வயதுக்கென்றே எழுதப்பட்ட மாயக்கதைகளும் துப்பறியும் கதைகளும் அவனுக்கு வரிசையாகக் கிடைக்கின்றன. தமிழ் மட்டும் வல்ல மாணவனோ சிறுவர் கதைக்கும் முதியோர் நாவலுக்கும் இடையிலுள்ள வெளியிலே தனித்து நிற்கின்றான். வெள்ளவத்தையில் வாழும் வசதியுள்ள பிள்ளைக்கும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வாழும் ஏழைப் பிள்ளைக்கும் இடையே வாசிப்பிலும் ஒரு சுவர் எழுகின்றது. இது இலக்கியக் குறை மட்டுமன்று, நீதிக்குறையுமாகும்.

சிங்கள இலக்கியத்தில் இவ்விடைவெளி இத்துணைப் பெரிதன்று. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் எழுதிய மடொல் தூவ, குறும்பு மிக்க இரு சிறுவர் வீட்டை நீங்கித் தீவொன்றிலே உழைத்து வாழும் கதை. சிறுவர் அதனைப் படிக்கின்றனர், பெற்றோரும் படிக்கின்றனர். தமிழகத்திலே 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய பொன்னியின் செல்வனும் அத்தகையதே. அத்தொடர் வந்த இதழுக்காக இந்நாட்டிலும் ஒரு வீட்டிலே மூன்று தலைமுறையினர் காத்திருந்தனர். அறிவுரை கூறுதற்கென்றே சிறுவர்க்குக் கதை எழுதுவோர் இவற்றை நோக்குதல் நலம். அறிவுரையை முன்வைத்துக் கதையைப் பின்னே இழுத்துச் செல்லும் நூலைச் சிறுவர் எளிதில் இனங்கண்டுகொள்வர். கண்டபின் அதனைத் தொடார்.

இன்று கொழும்பில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. ஆனால் விழாவிலே பேசுவோர் நூலாசிரியரின் குடும்பச் சிறப்பையும் தமக்கும் அவர்க்குமுள்ள நட்பையும் விரித்துரைத்து, நூலைப் பற்றி இரண்டொரு சொல் கூறி அமர்கின்றனர். அச்சிட்ட சில நூறு பிரதிகளுள் பெரும்பகுதி அன்று மாலையே நண்பர் கைகளுக்குச் சென்றுவிடுகின்றது. அவருள் எத்துணைப் பேர் அதனைத் திறந்து பார்க்கின்றனர்? அந்நூலை விரும்பிப் படிக்கக்கூடிய மாணவனோ அது வெளிவந்த செய்தியையே அறியான்.

வாயில்கள் முற்றும் அடைபட்டன அல்ல. வெள்ளவத்தையிலே 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூல்நிலையம் உண்டு. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தபின், ஒரு நூல் ஓரிடத்திலே மட்டும் இருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை நம்மவர் உணர்ந்தனர். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துப் பழைய நாவல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கத் தருகின்றது. படியாதவனுக்குப் பழைய நூலும் புதிய நூலே. ஆயின் மின்னூலகம் நூலைக் காட்டுமேயன்றி எதனை முதலிற் படிக்கலாம் என்று கூறாது. பெயர் தெரிந்தவனுக்கே அது பயன்படும். பெயர் கூறுவார் யார்?

அதுவே திறனாய்வாளரின் கடமை. மதிப்புரை எழுதுவோர் மூன்று வினாக்களுக்கேனும் விடை கூறுதல் வேண்டும். இந்நூல் எவ்வகையைச் சார்ந்தது? அவ்வகைக்குரிய இலக்கணத்தை எவ்வளவில் நிறைவேற்றுகின்றது? யார் இதனைப் படித்து இன்புறுவர்? துப்பறியும் கதையிலே சமூக மாற்றம் இல்லையெனக் குறைகூறுவது பொருந்தாது. முடிச்சினை நேர்மையாக அவிழ்த்ததா என்பதே கேட்கத்தக்கது. வரலாற்றுக் கதை, அக்காலத்து மாந்தரை அக்காலத்து மாந்தராகவே பேசச் செய்ததா? நகைச்சுவைக் கதை, எளியோரை எள்ளாமல் நகைப்பித்ததா? இவ்வாறு ஒவ்வொன்றனையும் அதனதன் நெறியிலே வைத்து ஆராய்ந்தால், பொழுதுபோக்கு என்ற போர்வையிலே வரும் போலிகளும் தாமே வெளிப்படும். வகைகளை மதித்தல் தரத்தைக் கைவிடுதலாகாது. தரத்தை நேர்மையாகத் தேடுதலேயாம்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. பாடசாலை நூல்நிலையத்திலே சிறுவர் நூல், முதியோர் நூல் என்னும் இரு பிரிவுகளுக்கிடையே இளையோர்க்கென ஒரு தட்டினை ஒதுக்கலாம். வாடைக்காற்றும் நிலக்கிளியும் ஆச்சி பயணம் போகிறாளும் அத்தட்டிலே முதலிடம் பெறத்தக்கன. படித்த மாணவன் ஒவ்வொருவனும் தான் படித்த நூலைப் பற்றி ஐந்து வரி எழுதி அந்நூலினுள்ளே வைக்கச் செய்யலாம். ஒத்த வயதினன் சொல்லும் சொல்லுக்கு மாணவரிடையே உள்ள மதிப்பு நம் போன்றோர் சொல்லுக்கு இல்லை. இதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒரு தட்டும் சில தாள்களும் போதும். கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் தன் வயதுக்கேற்ற அடுத்த கதையைத் தன் மொழியிலேயே கண்டெடுப்பானாயின், அவன் எழுத்தறிந்தவனாய் மட்டும் நில்லாது வாசகனாய் வளர்வான் என்பது திண்ணம்.