எமிரேட்ஸுக்கு விமானம் கொடுத்த ஊர்

துபாயில் ஒருமுறை டாக்ஸி பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டுநர் கராச்சிக்காரர். எந்த ஃப்ளைட் என்று கேட்டார். எமிரேட்ஸ் என்றேன். "அது எங்க பிள்ளைதான் பாய். முதல் விமானமே நாங்க கொடுத்தது" என்றார், சிரித்துக்கொண்டே. அதற்கப்புறம் பாகிஸ்தானின் பி.ஐ.ஏ. பற்றி எதைப் படித்தாலும், எந்த வீடியோவைப் பார்த்தாலும் இதே வரி வந்து நிற்கிறது. வரி உண்மை. அதை வைத்துச் சொல்கிற கதைதான் எனக்கு ஒட்டவில்லை.

முதலில் உண்மையைப் பார்த்துவிடுவோம். எண்பதுகளின் நடுவில் கல்ஃப் ஏர், துபாய்க்கான தன் சேவைகளைக் குறைத்தது. துபாய் அரசு 1 கோடி டாலர் போட்டு சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தது. பி.ஐ.ஏ.விடம் ஒரு ஏர்பஸ் ஏ300, ஒரு போயிங் 737 வாடகைக்கு எடுத்தார்கள். 1985 அக்டோபர் 25 அன்று எமிரேட்ஸின் முதல் விமானம் போய் இறங்கிய ஊர் கராச்சி.

அப்போ பி.ஐ.ஏ. சாதாரண ஆள் இல்லை. 1962-ல் லண்டனிலிருந்து கராச்சிக்கு 6 மணி 43 நிமிடத்தில் பறந்து சாதனை படைத்தது. 1964-ல், கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளின் விமான நிறுவனங்களில் முதலாவதாக, சீனாவுக்குப் பறந்தது. 1966-ல் பணிப்பெண்களின் சீருடையை வடிவமைத்தவர் பாரிஸின் பியர் கார்டின். 1971-ல் கிஸிஞ்சர் ரகசியமாக பீஜிங் போனதும் பி.ஐ.ஏ. விமானத்தில்தான். அந்த நாட்டுக்காரர்கள் இன்னும் உருகிப் பேசுவதில் ஆச்சரியமே இல்லை.

இதிலிருந்து பிறக்கிற கதை: நாங்க வளர்த்துவிட்டோம், அவன் எங்களையே மிஞ்சிட்டான். கேட்க நல்லா இருக்கு. ஆனால் பி.ஐ.ஏ. தன் ஜெட் காலத்தை 1960-ல் தொடங்கியதே அமெரிக்காவின் பான் ஆமிடம் வாடகைக்கு எடுத்த போயிங் 707-ஐ வைத்துத்தான். அதற்காக பி.ஐ.ஏ.வைப் பெற்றது பான் ஆம் என்று யாராவது சொல்கிறோமா? விமானத்தை வாடகைக்கு விடுவது வியாபாரம். அதை தியாகமாக்கிவிட்டால் ஒரு வசதி: அப்புறம் நம்ம ஊரில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

என்ன நடந்தது? கராச்சி விமான நிலையத்தின் பொற்காலத்தில் பாதி, பெட்ரோல் டேங்க் சம்பந்தப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகிற அந்தக் கால விமானங்கள் வழியில் எங்காவது இறங்கி எரிபொருள் போட்டே ஆகணும். கராச்சி சரியான இடத்தில் இருந்தது. நீண்ட தூரம் பறக்கிற விமானங்கள் வந்ததும் அந்த அவசியம் போச்சு. துபாய்க்கும் இதே கதிதான் வந்திருக்கணும். அதுவும் எரிபொருள் நிறுத்தமாக இருந்த ஊர்தான். அவர்கள் செய்தது, விமானம் இறங்குவதற்குப் புதுக் காரணங்களை உண்டாக்கியது. 1979-ல் ஜெபல் அலி துறைமுகம், 1985-ல் அங்கேயே வரியில்லா வர்த்தக மண்டலம், எந்த நாட்டு விமானமும் வரலாம் என்று திறந்துவிட்ட வானம்.

அதே 1985-ஐ கராச்சியில் பாருங்கள். ஏப்ரலில் ஒரு கல்லூரி மாணவி மினிபஸ் மோதி இறந்தார். அது இனக் கலவரமாக மாறியது. ஆப்கான் போரின் துப்பாக்கிகள் ஏற்கெனவே ஊருக்குள் வந்திருந்தன. அடுத்த வருஷம் செப்டம்பரில் அந்த விமான நிலையத்திலேயே பான் ஆம் விமானக் கடத்தல். அதற்கும் முன்னால் 1959-ல் தலைநகர அந்தஸ்து போனது, 1972-ல் பெரிய தொழில்களும் 1974-ல் வங்கிகளும் அரசுடைமையாயின.

இதெல்லாம் சேர்ந்து எனக்குச் சொல்வது ஒன்றுதான். கராச்சி சம்பாதித்தது, முடிவெடுத்தது வேறு ஊர். துபாயை ஆள்பவர்களுக்குத் துறைமுகமும் விமான நிலையமும்தான் பிழைப்பு. அவை படுத்தால் அவர்களும் படுத்துவிடுவார்கள். கராச்சி படுத்தால் இஸ்லாமாபாதில் யாருடைய நாற்காலியும் ஆடாது. பிறகு அந்த விமான நிறுவனம், வேண்டியவர்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கிற இடமாக மாறியதில் என்ன அதிசயம்?

முடிவு தெரிந்ததுதான். 2020 மே மாதம் கராச்சியில் இறங்கும்போது நடந்த விபத்தில் 97 பேர் இறந்தார்கள். விமானிகளின் உரிமங்களில் போலி என்று அமைச்சரே சொன்னார். ஐரோப்பிய வான்வெளி நாலு வருஷத்துக்கு மேல் மூடப்பட்டது. 2024-ல் விற்கப் போனபோது அரசு எதிர்பார்த்த குறைந்தபட்ச விலை 8,500 கோடி ரூபாய். வந்த ஒரே கேள்வி 1,000 கோடி. அடுத்த வருஷக் கடைசியில்தான் 75 சதவீதப் பங்கு, 13,500 கோடிக்குக் கைமாறியது.

துபாயைப் புகழ்கிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லணும். 2016-ல் இதே விற்பனைக்கு எதிராக பி.ஐ.ஏ. ஊழியர்கள் கராச்சியில் ஊர்வலம் போனபோது இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துபாயில் அந்த ஊர்வலமே கிடையாது. தொழிற்சங்கத்துக்கே அனுமதி இல்லை. வாய் திறந்தால் விசா போய்விடும் என்ற பயம் அங்கே வேலை பார்க்கிற நம்ம ஆட்களுக்கும் தெரியும். "துபாய் மாதிரி ஆகியிருக்கலாம்" என்பவர்கள் எந்தப் பாதியைக் கேட்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

எமிரேட்ஸ் சீக்கிரமே சொந்த விமானங்கள் வாங்கிக்கொண்டது. ஆக, கராச்சி இழந்தது அந்த இரண்டு விமானங்களை இல்லை. அன்றைக்கு டெர்மினல் வாசலில் இறங்கும்போது அந்த ஓட்டுநரிடம், ஊருக்குப் போக எந்த விமானத்தில் போவீர்கள் என்று கேட்டேன்.

"எது சீப்போ அதுல" என்றார்.