ஆறு அழுவது போதும்

'பெர்மிட்' நமக்குப் பழைய சொல். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். சிவப்பு அடையாள அட்டையின் துயரத்தை நம் எழுத்தாளர்கள் எழுதாமல் இல்லை.

2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியதும் அதே சொல் குப்பையோடு வந்தது. இறக்குமதி பெர்மிட்டோடு கொள்கலன்கள் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கின. ஜெஞ்சாரோமில் செம்பனைகளுக்கு நடுவே உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. உருக்க உதவாததை இரவில் எரித்தார்கள். ஊர்மக்கள் புகார் எழுதி எழுதித்தான் சோதனை வந்தது. 2019 மே மாதம் அமைச்சர் இயோ பீ யின் 3,000 டன் கழிவைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார்.

இதை நம் புனைவு என்ன செய்தது? நான் வாசித்த 'சூழலியல்' கதைகளில் ஆறு அழுகிறது, மரம் பேசுகிறது. யார் கையெழுத்துப் போட்டது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அடுத்தவரைச் சொல்வானேன்? கிள்ளானில் இருந்துகொண்டு நானும் அப்படியொரு கதை எழுதினேன். புகை இருந்தது, உரிமம் கொடுக்கும் மேசை இல்லை. 'மனிதனின் பேராசை' என்று முடித்துவிட்டேன். பேராசைக்கு முகவரி கிடையாது, பெர்மிட்டுக்கு உண்டு.

அந்த ஆலைகளில் குப்பை பிரித்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பெர்மிட் இல்லையென்றால் அவர்களும் பிடிபடுவார்கள். 1969ஐ எழுதிய மொழிக்கு அவர்களைத் தெரியாமல் போகலாமா?

அந்தக் கதையை மறுபடி எழுதப்போகிறேன். இந்தமுறை அந்த மேசையிலிருந்து.