படத்தில் தெரிந்த உண்மை

பால் கலாநிதியின் ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’ 2016 ஜனவரியில் வெளிவந்தபோது, நூலாசிரியர் மறைந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. தந்தை கிறிஸ்தவர், தாய் இந்து. தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற குடும்பம். நரம்பியல் அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுவந்த அவருக்கு 2013-இல் நுரையீரல் புற்று கண்டறியப்பட்டது. அப்போது வயது 36.

நூலின் உச்சம் அந்த முதல் அறிவிப்பு அன்று என்பது என் கருத்து. மாத்திரையால் கட்டிகள் சுருங்கி, அவர் மீண்டும் அறுவை அரங்கில் நிற்கத் தொடங்கிய பின், பயிற்சி முடியும் தறுவாயில் வழக்கமான சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. படத்தை அவரே பார்க்கிறார். வலது நுரையீரலின் நடுமடலில் புதிய பெருங்கட்டி. பழைய படங்களைத் திரும்பப் பார்த்தால், அங்கேயே அதன் மங்கிய சுவடு! இப்பகுதியில் அவர் நடை மெலிந்து, உண்மையாகிறது. பிற இடங்களில் மேற்கோள்கள் மிகுதி. இலக்கியம் கற்றவரின் சபலம் என்று விட்டுவிடலாம்.

தம் படத்தைத் தாமே வாசிக்கும் பேறு நம் நோயாளருக்கு இல்லை. மார்பகப் புற்று பத்து, இருபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்து நுரையீரலில் தலைகாட்டக்கூடும். மீமிசல் போன்ற ஊர்களில் அந்த இருமலைச் சளி என்பர், காசம் என்பர். பழைய அறுவையை மருத்துவரிடம் சொல்ல எவருக்கும் தோன்றாது. திசுச் சோதனையில் உறுதியான பின்போ, வீடே கூடி அதை மறைக்கும். ‘சாமி, எண்ணெய்ச் சிமிழை வெளியே காட்டாதீர்கள், அம்மா பயந்துவிடுவார்’ என்று வாசலிலேயே நம்மைத் தடுப்பார்கள். நோயில்பூசுதல் இறக்கும் தறுவாயிலுள்ளோருக்கு மட்டுமானதன்று என 1963-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கிவிட்டது. நம் மக்கள் மனத்திலோ அது இன்னும் ‘அவஸ்தைபூசுதல்’தான்! அன்பினால்தான் மறைக்கிறார்கள், ஆயினும் மன்னிப்புக் கேட்கவும் விடைபெறவும் அவருக்குரிய நாள்கள் அதனால் பறிபோகின்றன.

இளமையில் விசுவாசத்தை விட்டு விலகியிருந்த கலாநிதி, தியாகம், மீட்பு, மன்னிப்பு ஆகியவற்றுக்காகவே கிறிஸ்தவத்திற்குத் திரும்பியதாக எழுதுகிறார். இறையியல் நோக்கில் அப்பகுதி சுருக்கமானது. இன்னும் விரித்திருக்கலாம் என்று தோன்றும். அதற்கு அவருக்கு நாளில்லை.

பின்னுரை அவர் மனைவி லூசி எழுதியது. அலங்காரமற்ற அந்த நடை கணவருடையதைவிட எனக்கு நெருக்கமாக இருந்தது. சுவாசக் கருவி வேண்டாம் என்று தாமே முடிவெடுத்து, எட்டு மாதக் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு, 2015 மார்ச் 9 அன்று அவர் விடைபெற்றதை அதில் வாசிக்கிறோம்.